400 கிலோமீட்டர் மேல ஒரு ஃபிசிக்ஸ் லேப்: பல வருஷமா யூஸ் பண்ற ஒரு டீச்சரோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், நான் அங்க போனதில்ல. ஸ்கூல்ல பெரிய வகுப்புப் பசங்களுக்கு ஃபிசிக்ஸ் எடுக்கறேன், அவ்ளோதான். ஆனா 12 வருஷமா எனக்கு ரெண்டாவது லேப்னா அது சர்வதேச விண்வெளி நிலையம்தான். அங்க எடுத்த வீடியோவ ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி அளந்திருக்கோம், அங்கருந்து வந்த டேட்டாவ இறக்கி கிராஃப் போட்டிருக்கோம், அத வச்சு வந்த பேப்பர்கள புரியற வரைக்கும் திரும்பத் திரும்ப படிச்சிருக்கேன். ஒரு லேப் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்ல அதுக்குள்ள போய் நிக்கணும்னு அவசியம் இல்ல, அதுலருந்து வெளிய வர்றத வச்சே சொல்லலாம்.

5 ஸ்டாருக்கு 4 ஸ்டார் குடுக்கறேன். அந்த ஒரு ஸ்டார் ஏன் போச்சுன்னு விவரமா சொல்றேன், ஏன்னா இதப்பத்தி எழுதறவங்கள்ல பாதி பேரு ‘அற்புதம்’னு எழுதிட்டு போயிடறாங்க, மீதிப் பேரு ‘இவ்ளோ செலவு பண்ணி என்னத்த கண்டுபுடிச்சாங்க’ன்னு கேட்டுட்டு போயிடறாங்க. ரெண்டு பக்கமும் அந்த லேப் உண்மையில என்ன பண்ணுதுன்னு உக்காந்து பாக்கறதில்ல.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்த சரி பண்ணிடணும், இது சரியாகலன்னா மேல எதுவும் புரியாது. அங்க புவியீர்ப்பு இல்லன்னு பசங்க மட்டும் இல்ல, படிச்ச பெரியவங்களும் சொல்றாங்க. இருக்கு. தரையில இருக்கறதுல 89 சதவீதம் அங்கயும் இருக்கு. 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதோட உச்சியில 60 கிலோ ஆளு ஒருத்தர் எடை மெஷின்ல ஏறி நின்னா 53 கிலோ காட்டும். அப்ப ஏன் மிதக்கறாங்க? மிதக்கல, விழுந்துட்டே இருக்காங்க. செகண்டுக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல போறாங்க, அந்த ஒரு செகண்ட்ல 4.3 மீட்டர் கீழ விழறாங்க, பூமி உருண்டைங்கறதால அதே ஒரு செகண்ட்ல தரையும் அவங்களுக்குக் கீழ 4.3 மீட்டர் வளைஞ்சு விலகிடுது. விழறாங்க, ஆனா தரைய தொட மாட்டேங்கறாங்க. ஆளு, சுவரு, தண்ணி, மெழுகுவத்தி எல்லாமே ஒண்ணா விழறதால ஒண்ணு மேல ஒண்ணு பாரமா உக்கார்றதில்ல.

இத வகுப்புல சொல்றதுக்கு முன்னாடி நான் எப்பவும் ஒரு ப்ளாஸ்டிக் பாட்டில்தான் எடுப்பேன். அடிப்பக்கத்துல ஒரு ஓட்ட, தண்ணி நிரப்பி மூடியத் திறந்து வச்சா ஓட்ட வழியா தண்ணி பீச்சும், அப்படியே கைய விட்டுடுவேன். கீழ விழற அந்த அரை செகண்ட் தண்ணி பீச்சறது நின்னு போயிடும். போன்ல ஸ்லோ மோஷன்ல எடுத்துக் காட்டுனா வகுப்பே அமைதியாயிடும். தண்ணி தீரல, ஓட்ட அடைபடல, தண்ணியும் பாட்டிலும் சேர்ந்து விழறப்ப தண்ணிக்கு பாட்டில அழுத்தற பாரம் இல்ல, அவ்ளோதான். அந்த அரை செகண்ட் பாட்டில்தான் விண்வெளி நிலையம், அது 2000 நவம்பர் 2ல இருந்து ஆளோட தொடர்ந்து விழுந்துட்டே இருக்கு.

இந்த லேபோட உண்மையான சரக்கு இதுதான்: நேரம். பாரம் இல்லாத நிலைய பூமியிலயும் உண்டாக்கலாம். அமெரிக்காவுல கிளீவ்லேண்ட்ல நாசாவோட ஒரு கிணறு மாதிரி ஆழமான வசதி இருக்கு, காத்த வெளியேத்திட்டு 132 மீட்டர் விழ விடுவாங்க, 5.18 செகண்ட் கிடைக்கும். ஜெர்மனியில ப்ரேமன்ல ஒரு கோபுரம் இருக்கு, மேலருந்து போட்டா 4.74 செகண்ட், கீழருந்து தூக்கி எறிஞ்சு திரும்ப விழ விட்டா 9 செகண்டுக்கு கொஞ்சம் மேல. விமானத்த மேலயும் கீழயும் வளைச்சு ஓட்டுனா ஒரு வளைவுக்கு 20 செகண்ட் சொச்சம். சின்ன ராக்கெட்ல சில நிமிஷம். இதெல்லாம் நல்ல வசதிங்கதான், நான் குறை சொல்லல, பல வேலைக்கு இதுவே போதும். ஆனா சில விஷயங்க மெதுவா நடக்கும், ஒரு துளி முழுசா எரிஞ்சு தீர்றதுக்குள்ள கோபுரம் முடிஞ்சு போயிடும். அந்த மாதிரி பொறுமையான ஃபிசிக்ஸுக்கு இத விட்டா இடம் ரொம்ப கம்மி.

எனக்கு ரொம்ப பிடிச்ச பரிசோதனையே ஒரு ப்ளாஸ்டிக் பையும் உப்பும்தான். டான் பெட்டிட்னு ஒரு விண்வெளி வீரர், 2002 கடைசியில இருந்து 2003 மே வரைக்கும் மேல இருந்தவரு. லீவு நேரத்துல ஒரு பைக்குள்ள உப்பு போட்டு காத்து ஊதி குலுக்கிப் பாத்திருக்காரு, யாரும் செய்யச் சொல்லல. வீடியோவுல பாருங்க, குலுக்குன உடனே உப்பு பை முழுக்க புகை மாதிரி பரவும், அடுத்த சில செகண்ட்லயே அங்கங்க கட்டி கட்டியா சேர ஆரம்பிச்சுடும், பஞ்சு மாதிரி பொதபொதன்னு. சக்கரையிலயும் காபித்தூள்லயும் அதே மாதிரி. பூமியில உப்பு பையோட அடியில போய் உக்காந்துடும், அதனால குருணைக்கு குருணை இருக்கற அந்த மின்னூட்ட இழுப்பு நம்ம கண்ணுக்கு தெரியறதே இல்ல. இத ஏன் முக்கியம்னு சொல்றேன்னா, கிரகங்கள் உருவாகறதப் பத்தி படிக்கறவங்களுக்கு ஒரு பெரிய முடிச்சு இருக்கு, தூசி எப்படி தூசியோட ஒட்டி சின்னக் கல்லு அளவுக்கு வளரும்னு. அந்த முடிச்சுக்கு ஒரு துப்பு இந்தப் பைக்குள்ள கிடைச்சுது, 2014ல பெட்டிட்டும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து அத பேப்பராவே போட்டாங்க. பேப்பரோட தலைப்புலயே ‘முறைசாராப் பரிசோதனைகள்’னு அர்த்தம் வர்ற மாதிரி வச்சிருப்பாங்க. எனக்கு அது ரொம்ப நேர்மையாப் பட்டுது. ஒரு நல்ல லேபுன்னா அதுல திட்டம் போட்டு செய்யற வேலைக்கு நடுவுல சும்மா கை வச்சுப் பாக்கவும் இடம் இருக்கணும்.

அதே ஆளுதான் 2008ல திரும்ப மேல போனப்ப ஒரு ப்ளாஸ்டிக் ஷீட்ட மடிச்சு டேப் ஒட்டி ஒரு பக்கம் கூர்மையான மூலை வர்ற மாதிரி கப்பு செஞ்சாரு. அந்த மூலை வழியா காபி தானா விளிம்புக்கு ஏறி வருது, உறிஞ்சு குடிக்கலாம். நுண்குழாய் கவர்ச்சின்னு புஸ்தகத்துல நாலு வரியில முடிச்சிடறோம், மெல்லிய கண்ணாடிக் குழாயில தண்ணி கொஞ்சம் ஏறும், மார்க்குக்கு ஒரு ஃபார்முலா, அவ்ளோதான். அங்க அதுதான் ராஜா. ராக்கெட்டோட எரிபொருள் தொட்டியில திரவம் எங்க போய் ஒட்டிக்கும், எப்படி வெளிய எடுக்கறதுன்னு முடிவு பண்றதே இந்த மூலை விளையாட்டுதான்.

தண்ணி கொதிக்கறதும் அப்படித்தான். நம்ம அடுப்புல குமிழி உண்டானதும் பிச்சுக்கிட்டு மேல ஓடிடும், சூட்டையும் தூக்கிட்டு போகும். அங்க குமிழிக்கு மேலங்கற திசையே கிடையாது, அது சூடான தகட்டுலயே உக்காந்துக்கும், பக்கத்துல இருக்கற குட்டிக் குமிழிகள முழுங்கி ஒரே பெரிய குமிழியாயிடும். மேல ஏறறதுன்னு நாம சாதாரணமா சொல்றதுக்குப் பின்னாடி எவ்ளோ இருக்குன்னு அப்பதான் உறைக்குது.

இப்ப நெருப்புக்கு வர்றேன், இந்த லேபுக்கு நான் குடுத்த 4 ஸ்டார்ல ரெண்டு இதுக்கே போயிடும்.

மெழுகுவத்தி ஏன் இலை மாதிரி நீளமா மஞ்சளா எரியுது? சூடான வாயு லேசாகி மேல போகுது, கீழருந்து புதுக் காத்து உள்ள வருது, அந்த ஓட்டம்தான் சுடர இழுத்து நீட்டுது, உள்ள எரியாம பழுக்கற கரித்துகள்தான் மஞ்சள் வெளிச்சம். பாரத்த எடுத்துட்டா அந்த ஓட்டம் நின்னுடும். ஆக்ஸிஜன் மெல்ல மெல்ல பரவித்தான் சுடர்கிட்ட வரணும். சுடர் உருண்டையாகி நீலமா மங்கலா நிக்கும். இத பசங்களுக்கு காட்டும்போது மெழுகுவத்திய பக்கத்துல ஏத்தி வச்சுட்டு வீடியோ போடுவேன், ரெண்டையும் மாத்தி மாத்தி பாப்பாங்க.

இதுல உண்மையான கண்டுபிடிப்பு 2009ல ஆரம்பிச்ச ஃப்ளெக்ஸ்ங்கற பரிசோதனையில வந்துச்சு. எரிப்புக்குன்னே செஞ்ச மூடின அறைக்குள்ள ரெண்டு ஊசி எதிரெதிரா வந்து சில மில்லிமீட்டர் அளவுல ஒரு எரிபொருள் துளிய விட்டுட்டு டக்குன்னு விலகிடும், சூடான கம்பி அத பத்த வைக்கும், துளி அந்தரத்துல நின்னு எரியும். அவங்க பாக்க நெனச்சது இந்த நெருப்பு எப்ப அணையுதுங்கறதத்தான், விண்கலத்துல தீ புடிச்சா அணைக்கறதுக்கு அது தெரியணுமே (1997ல ரஷ்யாவோட மிர் விண்வெளி நிலையத்துல ஆக்ஸிஜன் உண்டாக்கற கருவி தீப்பிடிச்சத நெனச்சுப் பாருங்க). ஹெப்டேன்ங்கற எரிபொருள் துளி எரிஞ்சுது, சுடர் அணைஞ்சுது, கேமராவுல ஒண்ணும் தெரியல, முடிஞ்சுதுன்னுதான் யாரும் சொல்லுவாங்க. ஆனா துளி தொடர்ந்து சுருங்கிட்டே இருந்துச்சு! சும்மா ஆவியாகறத விட வேகமா. சுடரே இல்லாம என்ன எரியுது? குளிர் சுடர்னு சொல்ற ஒரு ரசாயன எரிப்பு, கண்ணுக்கு தெரியாது, 500ல இருந்து 800 கெல்வின் வரைக்கும்தான் வெப்பம், சாதாரண சுடர்ல பாதியோ அதுக்கும் கீழயோ. கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணியும் வர்ற எடத்துல கார்பன் மோனாக்ஸைடும் ஃபார்மால்டிஹைடும் வருது. குளிர் சுடர்ங்கறது பழைய விஷயம்தான், ஆனா ஒரு துளியச் சுத்தி இப்படி தன்ன தானே தாங்கிட்டு நிக்கும்னு யாரும் எதிர்பாக்கல. 2012ல பேப்பர் வந்துச்சு. எஞ்சின்ல எரிபொருள் எப்படி பத்திக்குதுன்னு கணக்கு போடறவங்களுக்கு இந்த ரசாயனம் நேரடியா வேணும்.

அந்த சுருங்கற துளியோட கிராஃப் ஒண்ணு இருக்கு, விட்டத்தோட வர்க்கம் ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம். முதல்ல செங்குத்தா எறங்கும் கோடு, சுடர் அணையற எடத்துல லேசா முட்டி மடக்கி, அப்புறம் வேற சாய்வுல தொடர்ந்து எறங்கும். வகுப்புல அத போர்டுல போட்டுட்டு ‘இந்த ரெண்டாவது சாய்வு எதனால’ன்னு கேட்டு நிறுத்திடுவேன். ஒரு வருஷம் ஒரு பொண்ணு எழுந்து ‘அணைஞ்சுதுன்னு யாரு சார் சொன்னது, கண்ணுக்கு தெரியலன்னுதான தெரியும்’னு கேட்டா. எனக்கு அன்னிக்கு அதுக்கு மேல பாடம் எடுக்கத் தோணல.

அடுத்து குளிர்ச்சி. 2018 மே மாசம் சின்ன ஃப்ரிட்ஜ் அளவுல ஒரு பெட்டி மேல போச்சு, கோல்ட் ஆட்டம் லேப். ரூபிடியம் அணுக்கள லேசரால மெதுவாக்கி, காந்தப் பொறியில புடிச்சு, சூடான அணுக்கள மட்டும் வெளியேத்தி வெளியேத்தி, தனிச்சுழிக்கு (இதுக்குக் கீழ குளிரவே முடியாதுங்கற வெப்பநிலை) மேல ஒரு டிகிரியோட கோடியில சில பங்குங்கற அளவுக்கு குளிர வைப்பாங்க. அப்ப அணுக்கள் எல்லாம் தனித்தனி ஆளா இல்லாம ஒரே அலையா சேர்ந்துடும். 1924ல சத்யேந்திர நாத் போஸ் போட்ட கணக்குலருந்து ஐன்ஸ்டைன் எடுத்துட்டுப் போன யோசன, லேப்ல கையில கிடைக்க 1995 ஆச்சு. பூமியிலதான் இத செய்யறாங்களே, மேல எதுக்குன்னு கேக்கலாம். பொறிய திறந்து விட்டாத்தான் அந்த மேகம் விரிஞ்சு இன்னும் குளிரும், அத அப்பதான் அளக்க முடியும், ஆனா பூமியில திறந்த உடனே கீழ விழுந்துடும். மேல ஒரு செகண்டுக்கு மேல நின்னு பாக்க விட்டுது. அது மட்டும் இல்ல, 2020ல வந்த பேப்பர்ல இருந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிட்டத்தட்ட பாதி அணுக்கள் காந்தத்துக்கு கட்டுப்படாத நிலைக்கு போயிடுதாம், பூமியில அதெல்லாம் விழுந்து காணாம போயிருக்கும், அங்க எங்கயும் போகாம நடுவுல இருக்கற மேகத்தச் சுத்தி ஒளிவட்டம் மாதிரி நின்னுச்சு. அதுக்கப்புறம் அணுக்கள குமிழி மாதிரி உள்ள வெறுமையா இருக்கற ஒரு வடிவத்துலயும் கொண்டு வந்து 2022ல போட்டாங்க, பூமியில அந்தக் குமிழிய செஞ்சா எல்லாம் அடியில வழிஞ்சு ஒரு கிண்ணம் மாதிரி ஆயிடும்.

சரி, குறைக்கு வர்றேன்.

முதல் குறை, அது அமைதியான இடம் இல்ல. மைக்ரோகிராவிட்டின்னு பேரு வச்சிருக்காங்க, பூமி ஈர்ப்புல பத்து லட்சத்துல ஒரு பங்கு அளவுன்னு. மெதுவான இழுப்புகள மட்டும் எடுத்துக்கிட்டா அது சரிதான். ஆனா உள்ள ஆளுங்க இருக்காங்க, ட்ரெட்மில்ல ஓடறாங்க, ஃபேனும் பம்பும் ராத்திரி பகலா ஓடுது, புது விண்கலம் வந்து முட்டி சேருது, உயரம் கொறஞ்சா எஞ்சின் போட்டு தூக்கறாங்க. அதிர்வு இருந்துட்டே இருக்கும். இதனாலயே கோல்ட் ஆட்டம் லேப் மாதிரி பெட்டிகள பூமியிலருந்தே இயக்கி, பெரும்பாலும் வீரர்கள் தூங்கற நேரத்துல ஓட்டறாங்க. ஜப்பானோட கிபோ பகுதியில சிலிகோன் எண்ணெய ரெண்டு தகட்டுக்கு நடுவுல பாலம் மாதிரி நிறுத்தி, வெப்ப வித்தியாசத்தால மேற்பரப்புல வர்ற ஓட்டத்த அளந்தவங்களும் அப்படித்தான் தூங்கற நேரத்துக்கு காத்திருந்தாங்க.

அதிர்வ முழுசா நிறுத்துனாலும் இன்னொண்ணு இருக்கு, இதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நிலையம் 109 மீட்டர் நீளம், அதோட நிறை மையம் மட்டும்தான் துல்லியமா அந்தப் பாதையில விழுது. அந்த மையத்துக்கு ஒரு மீட்டர் மேல நீங்க ஒரு குண்ட அசையாம விட்டா, பத்து நிமிஷத்துல அது தானா அரை மீட்டருக்கு மேல இன்னும் மேல நகர்ந்திருக்கும், ஏன்னா அது பூமியிலருந்து கொஞ்சம் தள்ளி தன்னோட சொந்தப் பாதையில போகப் பாக்குது. பசங்களுக்கு இது நல்ல கணக்கு, ஆனா துல்லியமா அளக்க நெனைக்கறவங்களுக்கு தலைவலி. அதனால எல்லாப் பொருளும் ஒரே மாதிரிதான் விழுதான்னு கடைசி இலக்கம் வரைக்கும் சோதிக்கணும்னா இங்க வராதீங்க. அதுக்கு ஆளே இல்லாத தனி செயற்கைக்கோள்தான் சரி. 2016ல ஃபிரான்ஸ் அனுப்புன மைக்ரோஸ்கோப் அந்த வேலைய செஞ்சுது, 2022ல வந்த முடிவு பத்து கோடிக்கோடியில ஒரு பங்குங்கற அளவு நுணுக்கத்துக்கு, அதாவது பத்தோட 15ஆம் அடுக்குல ஒரு பங்கு வரைக்கும், வித்தியாசம் இல்லன்னு காட்டுச்சு. மனுஷங்க இருக்கற லேபால அத தொட முடியாது. கால் ஸ்டார் அங்க போச்சு.

ஆனா அதே மனுஷங்கதான் இந்த லேபோட பலமும். ஏஎம்எஸ்னு ஒரு கருவி, 2011 மே மாசம் நிலையத்துக்கு வெளிய மாட்டுனது, ஃபிசிக்ஸ் விஞ்ஞானி சாமுவேல் டிங் தலைமையில, சுமார் ஏழரை டன். விண்வெளியிலருந்து வந்து காந்தத்துக்குள்ள பறந்து போற காஸ்மிக் கதிர் ஒவ்வொண்ணையும் எந்தப் பக்கம் வளையுதுன்னு பாத்து துகளா எதிர்த்துகளான்னு பிரிக்கும். காத்து மண்டலம் இந்தக் கதிர்கள உடைச்சுடும், அதனால மேலருந்துதான் நேரா புடிக்க முடியும். பாசிட்ரான் (எலக்ட்ரானோட எதிர்த்துகள்) எதிர்பாத்தத விட அதிகமா வருதுன்னு 2013ல சொன்னாங்க, காரணம் கண்ணுக்கு தெரியாத கரும்பொருளா இல்ல பல்சார்ங்கற வேகமா சுத்தற நட்சத்திர மிச்சமான்னு இன்னும் சண்ட நடக்குது. அந்தக் கருவியோட குளிரூட்டும் பம்புகள் ஒண்ணொண்ணா பழுதாச்சு. விண்வெளியில ரிப்பேர் பண்ற மாதிரி அத செய்யவே இல்ல. 2019 நவம்பர்ல இருந்து 2020 ஜனவரி வரைக்கும் நாலு தடவ விண்வெளி வீரர்கள் லூகா பர்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் வெளிய போய், தடிமனான கையுறையோட எட்டு ஸ்டீல் குழாய வெட்டி புதுப் பம்போட இணைச்சாங்க. இதுக்குன்னே தனியா டூல் செஞ்சு அனுப்புனாங்க. கருவி இன்னிக்கும் ஓடுது. ஆளில்லாத செயற்கைக்கோளா இருந்திருந்தா அதோட கத அன்னிக்கே முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்சு மெக்கானிக் வேலை ஒண்ணு அடிப்படை ஃபிசிக்ஸ இவ்ளோ நேரடியா காப்பாத்துனது வேற இல்ல.

மீதி முக்கா ஸ்டார் போனது காத்திருப்புக்கு. ஏஎம்எஸ் யோசன வந்தது 1990கள்ல, மேல போனது 2011. நடுவுல 2003ல கொலம்பியா விண்வெளி ஷட்டில் விபத்து, ஷட்டில் பயணங்கள் குறைஞ்சு அந்தப் பட்டியல்லயே இல்லாம போச்சு, அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு ஒரு பயணம் கூட்ட வேண்டியதாச்சு. ஒரு மாணவர் ஆராய்ச்சியில சேர்ந்து படிப்ப முடிச்சு வேற வேலைக்கு போய் தலை நரைக்கற வரைக்கும் கருவி தரையிலயே இருக்கலாம். ஒரு தப்பு பண்ணா நாளைக்கு காலையில திருத்திட்டு திரும்ப செய்யறதுங்கறதுதான் லேபோட உயிரு, இங்க அந்த நாளைக்குங்கறது பல சமயம் வருஷக்கணக்கு. இத பெரிய குறையாவே சொல்றேன்.

யூஸ் பண்றவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். நாசாவோட பிசிக்கல் சயின்சஸ் இன்ஃபர்மேட்டிக்ஸ்ங்கற களஞ்சியத்துல நிலையத்துல நடந்த எரிப்பு, திரவம், பொருள் அறிவியல் பரிசோதனைகளோட டேட்டா இருக்கு, ஆராய்ச்சி பண்றவங்களுக்கு புதையல். ஆனா பொதுவா விண்வெளி வீடியோக்கள்ல ஒரு தொல்ல, நான் ஒரு தளத்துலருந்து இறக்குன ஒரு வீடியோவுல அளவுகோலும் இல்ல, செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்னும் இல்ல. பசங்க நாலு பேரு ரெண்டு சாயந்திரம் உக்காந்து அளந்து கடைசியில வேகம் தப்பா வந்துச்சு. ஃப்ரேமுக்குள்ள ஒரு ரூலர் வச்சு எடுத்திருந்தா ஒரு வகுப்புக்கே பாடம் கிடைச்சிருக்கும். டீச்சரா இருக்கறவங்க வீடியோ தேர்ந்தெடுக்கறப்ப அளவு தெரிஞ்ச பொருள் ஏதாவது உள்ள இருக்கான்னு பாத்துட்டு எடுங்க.

அளக்கறதுக்கு நல்ல வீடியோ வேணும்னா வீரர்கள் தங்களோட நிறைய (அதாவது மாஸ்) அளக்கறத தேடுங்க. எடை மெஷின் அங்க ஒண்ணும் காட்டாது, அதனால ஸ்பிரிங் வச்ச ஒரு சாதனத்த கட்டிப்புடிச்சுட்டு மேலயும் கீழயும் ஆடுவாங்க, ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரத்துலருந்து நிறை வரும். புஸ்தகத்துல தனி ஊசலுக்கு பக்கத்துல இருக்கற அதே ஸ்பிரிங் ஃபார்முலாதான். நிறையும் எடையும் வேறங்கறத நான் எத்தன தடவ போர்டுல எழுதியும் புரியாதவங்களுக்கு அந்த ஒரு நிமிஷத்துல புரிஞ்சிருக்கு. அப்புறம் சுத்தற டி வடிவக் கைப்பிடி வீடியோ, கொஞ்ச நேரம் ஒழுங்கா சுத்திட்டு திடீர்னு தலைகீழா பல்டி அடிக்கும், திரும்ப சுத்தும், திரும்ப பல்டி. 1985ல சோவியத்தோட சல்யூட் 7 நிலையத்துல விளாடிமிர் ஜானிபெகோவ்ங்கற வீரர் ஒரு நட்டுல இத கவனிச்சாரு. ஒரு பொருள மூணு அச்சுலயும் சுத்த வைக்கற கஷ்டம் வேற வேறயா இருந்தா, நடுத்தரமா இருக்கற அச்சுல சுத்தறது நிலைக்காதுங்கறது கணக்கா முன்னாடியே தெரியும். ஒரு புஸ்தகத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டு எறிஞ்சு பாத்தா வீட்லயே தெரியும், ஆனா கையிலருந்து தரைக்கு வர்ற நேரத்துல ஒரு பல்டிதான் பாக்க முடியும். அங்க பாத்துட்டே இருக்கலாம்.

சீனாவோட தியாங்கோங் நிலையத்த தனியா ரிவ்யூ பண்ற அளவுக்கு நான் பாக்கல. அங்கருந்து பசங்களுக்கு நடத்துன நேரடி வகுப்புகள் பிரமாதம், 2023 செப்டம்பர்ல கேபினுக்குள்ளயே மெழுகுவத்தி கொளுத்தி உருண்டைச் சுடர காட்டுனாங்க. நெருப்ப மூடின அறைக்குள்ளயே பாத்துப் பழகுன எனக்கு அத பாக்கறப்ப நெஞ்சு கொஞ்சம் படபடன்னுதான் இருந்துச்சு.

சர்வதேச நிலையத்த 2030 வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் கடல்ல விழ வைக்கறதா திட்டம். அதுக்குள்ள நான் காத்துட்டு இருக்கறது ஒரு கடிகாரத்துக்கு. ஏசஸ்னு பேரு, ஐரோப்பிய விண்வெளி முகமையோடது, இதுவும் 20 வருஷத்துக்கு மேல தள்ளித் தள்ளிப் போய் 2025 ஏப்ரல்ல மேல போச்சு, நிலையத்துல ஐரோப்பாவோட கொலம்பஸ் பகுதிக்கு வெளிய மாட்டியிருக்காங்க. குளிர வச்ச சீசியம் அணுக்கள வச்சு ஓடற கடிகாரம், 30 கோடி வருஷத்துக்கு ஒரு செகண்ட் தப்பற அளவு துல்லியத்துக்கு செஞ்சது. அந்த உயரத்துல ஈர்ப்பு கம்மிங்கறதால கடிகாரம் வேகமா ஓடணும், அந்த வேகத்துல போறதால மெதுவா ஓடணும், ரெண்டையும் கழிச்சா தரையில இருக்கற கடிகாரத்த விட ஒரு நாளைக்கு சுமார் 25 மைக்ரோசெகண்ட் பின்தங்கணும். இந்தக் கணக்க எங்க பசங்க கையால போட்டு வச்சிருக்காங்க, வகுப்புச் சுவத்துல அந்தத் தாள ஒட்டியிருக்கோம், பக்கத்துல ஒரு கட்டம் காலியா விட்டிருக்கு. ஏசஸோட முழு முடிவு வெளிவந்ததும் அந்த நம்பர கட்டத்துல எழுதிட்டு இந்த ரிவ்யூவ அப்டேட் பண்றேன்.